கேட்டில் கோணியோடு நின்றவர்

பிளாக் 18,
நெய்வேலி.

அன்பு மகள் பொற்கொடிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மதிவாணனும் டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்பில் குறையில்லை, மற்றதைக் கடைசிவரை படித்துத் தெரிந்துகொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள், நான் சொல்ல வந்தது என்னிடமே நின்றுவிடும். எழுதினால் யாரும் குறுக்கே வரமுடியாது.

உன் தங்கை இளவேனில் கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது, மண்டபம் வடலூரில். மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக எதையும் கேட்கவில்லை, நல்ல மனுஷர்கள். உன் அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறமாட்டேன் என்கிறாள், ஆனால் ஜவுளிக்கடையில் மூன்று மாடி ஏறினாள். நான் ரிட்டயர் ஆனபின், கம்பெனியில் வேலை பார்க்கிற இளவேனில் பெயரில் கிடைத்த இந்த குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நீ அனுப்பிய புத்தகம் வந்து சேரும்வரை.

நாற்பது நாட்டுக் கவிஞர்கள் இங்கிலீஷில் எழுதிய இந்தக் காலத்துக் கவிதைகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள், அதில் நம் பெண்ணுடையதும் இருக்கிறது என்று உன் அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை, முதலில் படிக்கிறேன் என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மைன்ஸில் மாட்டியிருந்த பாதுகாப்பு போர்டுகளை எழுத்துக் கூட்டி, ஆபீசர் வீடுகளில் பழைய பேப்பர் வாங்கிவந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் என்னுடையது. உன்னுடையதை மட்டும் படிக்கவில்லை, முழுப் புத்தகத்தையும் படித்தேன். நார்வேக்காரர் ஒருவர் செத்துப்போன நாயைப் பற்றி எழுதியிருக்கிறார், யாருக்கும் சேதமில்லை. ஆனால் பாதிப் பேருக்கு மேல் அப்பா அம்மாவைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தந்த ஊரில் அந்தந்த அப்பாவுக்கும் இதே மாதிரி தபாலில் அனுப்பிவைத்தார்களா என்று தெரியவில்லை.

உன் கவிதைக்கு வருகிறேன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று வந்ததாம், அண்ணனுக்கு வரவேண்டியதைத் தம்பி திருடிக்கொண்டானாம், அந்தத் தம்பி உன் அப்பாவாம். அதற்குப் பிறகு அண்ணன் சுரங்கத்து கேட்டில் வெறுங்கோணியைப் பிடித்துக்கொண்டு, தம்பி ஏதாவது கொண்டுவருவான் என்று நின்றுகொண்டே இருக்கிறாராம், மண்ணைத் தோண்டத் தோண்ட அவர் நிழல் குழிக்குள் இறங்கிப் போகிறதாம். நிழல் இறங்குகிற இடம் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். புத்தகத்தை ஷோகேஸில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இங்கிலீஷில் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது, என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

கல்யாணப் புடவைக்கு நிறம் பார்க்கப் பெரியப்பாவின் பேத்தி கிருஷ்ணப்ரியா வந்திருந்தாள். உன் அண்ணன் சிலம்பரசனின் மகள் அவள், விருத்தாசலத்தில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள் என்பது உனக்கு மறந்திருக்கும். உன் அம்மா பெருமையாகப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், நம்ம அத்தை எழுதினது தாத்தா, நீங்க கூட வர்றீங்க என்று சந்தோஷமாக உன் பெரியப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. பாதிக்குமேல் சொல்லத் தயங்கினாளாம், அவர்தான் நிறுத்தாத, மேல சொல்லு என்று சொல்லவைத்தாராம்.

மறுநாள் சிலம்பரசன் கான்ட்ராக்ட் டூட்டி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தான், உள்ளே வரவில்லை, வண்டியில் உட்கார்ந்தபடியே, கல்யாணப் பத்திரிகையில அப்பா பேரு போட வேணாம்னு சொல்லச் சொன்னாரு சித்தப்பா என்றான். நான் உடனே கிளம்பிப் போனேன். அண்ணன் கட்டிலில் இருந்து எழுந்தார். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு வாங்க, குந்துங்க என்றார். பொற்கொடி, அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

வேலை விஷயத்தைத்தான் கேட்கப்போகிறார் என்று பதிலோடு போயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. நான் எப்பங்க உங்க கம்பெனி கேட்டாண்ட கை ஏந்திகினு நின்னேன் என்று கேட்டார். உங்க வூட்டுல என்னைய அப்பிடித்தான் பேசிகினு இருந்தீங்களா, பெரியவங்க பேசாமப் புள்ளைக்கு எங்கேர்ந்து வரும் என்றார். நான் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை என்றேன். அப்ப அந்தப் புள்ள கண்ணால பாத்துதா என்றார். வெளிநாட்டுக்காரன்லாம் நான் கோணி புடிச்சிகினு நிக்கிறத படிச்சிகினு கீறான், இனிமே பந்தல்லயும் வந்து நிக்கணுமா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன், வடக்குத்து ஊரைத் தாண்டும்போதுதான் புரிந்தது. நீ பார்த்திருக்கிறாய். பெரியப்பா பலாமரங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பண்ருட்டி மண்டிக்கு லாரியில் காய் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு வருஷமும் முதலில் பழுத்ததை விற்கமாட்டார், தம்பி கையில் கொடுத்த பிறகுதான் வியாபாரம் என்பார். லாரி குவார்ட்டர்ஸுக்குள் வராது, பாஸ் இல்லாமல் அவரைச் சுரங்கத்துக்குள்ளும் விடமாட்டார்கள், அதனால் சுரங்கத்து கேட்டில் இறங்கி நிற்பார். நான் ஷிப்ட் முடிந்து வந்து பழத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவேன். அவர் லாரி திரும்பி வரும்வரை பழம் கட்டி வந்த கோணியை மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். உன் ஸ்கூல் பஸ் அந்த நேரத்தில்தான் அங்கே திரும்பும். கேட்டில் நிற்கிறவன் எல்லாம் கான்ட்ராக்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்ச வந்தவன் என்று இந்த டவுன்ஷிப்பில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும், உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நீ பார்த்தது கொடுத்துவிட்டு நின்ற மனுஷனை. அன்றைக்கு ராத்திரி நீ சுளை சுளையாகத் தின்றது அவர் கொடுத்த பழத்தை. இது யாருடையது என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் உன் அம்மா சொல்லியிருப்பாள்.

கவிதையில் வருகிற ஆள் நிஜமான ஆள் இல்லை அப்பா, அது ஒரு குரல் என்று புத்தகத்தை அனுப்பும்போதே நீ போனில் சொன்னாய். அப்படியானால் பின்பக்கத்தில் உன் போட்டோவைப் போட்டு, சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று எதற்கு எழுதினார்கள்? தென்னிந்தியாவில் ஒரு சுரங்க ஊர் என்று போட்டிருக்கிறாய், நெய்வேலி என்று பெயரைக்கூடப் போடவில்லை. ஊருக்குப் பெயர் வேண்டாம், அப்பனுக்கு மட்டும் பட்டம் வேண்டும்.

என் விஷயத்தையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேலையை என் பெயருக்கு எழுதச் சொன்னது உன் தாத்தா. அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவன் போவட்டும், எனக்கு சங்கு ஊதனா எழுந்து ஓடுற வேல ஒத்து வராது என்றார். மனதாரச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. இனிமேலும் கேட்கமாட்டேன், உனக்கும் அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டேன். திருடன் என்று எழுதிவிட்டாய், இருக்கட்டும். அந்த வரியை மாற்றச் சொல்லிப் புத்தகக்காரர்களுக்கு நீ எழுத வேண்டாம்.

ஆனால் இளவேனில் கல்யாணம் நடக்கவேண்டும். உனக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் உன் பெரியப்பா. அவர் எடுத்துக் கொடுக்காமல் மேடைக்கே வரமாட்டேன் என்று உன் தங்கை சொல்லிவிட்டாள், பிடிவாதத்தில் அவள் என்னைப் போல. பத்திரிகையில் முதல் பெயராக அண்ணன் பெயரை ராமலிங்கம் என்றே போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்கிறேன் என்றேன். இன்னொரு தடவ எழுதறதா, எழுதன வரைக்கும் போதும் என்றார். பிறகு ஒன்று சொன்னார். அவ வரட்டும், என் எதுக்க குந்திகினு, எழுதனத அவ வாயால தமிழ்ல படிக்கட்டும், படிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கட்டும், தாலி எடுத்துக் குடுக்கிறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன் என்றார். வருவாள், படிப்பாள் என்று உனக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், நீயும் எங்களைக் கேட்டு எழுதவில்லை.

ஆகவே நீ மீனம்பாக்கத்தில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. உன் அம்மா அழுவாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போ. அவர் கொடுத்தால் தண்ணீர் குடி, கொடுக்காவிட்டால் கேட்காதே. மாப்பிள்ளையைத் துணைக்கு உள்ளே அழைத்துப் போகவேண்டாம், அவர் வாசலில் இருக்கட்டும். குரல், உருவகம் என்றெல்லாம் பெரியப்பாவிடம் பேசாதே. கோணி என்று எழுதியிருந்தால் கோணி என்றே படி.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். இந்த மனஸ்தாபத்தால் என் ஆசீர்வாதம் குறைந்துவிடாது. அம்மாவுக்கு முட்டிக்குத் தடவும் அந்தத் தைலத்தை இரண்டு பாட்டிலாக வாங்கி வா. படிக்கும்போது வரிகளை மாற்றிச் சொல்லலாம் என்று நினைக்காதே, கிருஷ்ணப்ரியா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். என்னைப் பற்றிய வரியையும் தாண்டிப் போகாதே. நான் எழுந்து வெளியே போகமாட்டேன், அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியமூர்த்தி