ஸ்தோத்திரம் என்றால் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

வரிச்சட்டக் கையேடு திருத்த வந்திருக்கிறது, நானூறு பக்கம். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் ஒன்றை அடிப்பது என் தொழில். வீட்டில் அந்த அதிகாரம் இல்லை. மனைவிக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு எண்பது நாள். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: ஸ்தோத்திரம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், தலையணை சரிந்தாலும் அதுதான். முப்பது வருஷமாகக் கர்த்தருக்கு நன்றியாக, போனை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பஸ் கிடைத்தபோதும் சொன்ன சொல். அதிகம் புழங்கியது சில சமயம் தங்கிவிடுமாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள். எனக்கு வந்திருந்தால் எந்தச் சொல் தங்கியிருக்கும் என்று யோசித்தேன். அதைக் கேட்டால் பாஸ்டர் வீட்டுப்பக்கமே வரமாட்டார்.

மார்ச் 6

பேச்சு திரும்புவதற்கு முதல் ஆறு மாதம்தான் முக்கியமாம். ஜூன் நடுவில் முடிகிறது.

ஜெபம் அவள் இலாகா. முடிவில் ஆமென் போடுவதோடு என் வேலை சரி. இப்போது இலாகா மூடிக்கிடக்கிறது. நான் பொறுப்பேற்பதாக இல்லை. யாரிடம் போய், என்னவென்று கேட்பது?

மார்ச் 9, ஞாயிறு

ஜெபக்குழு அக்கா வந்தாள். மனைவி அவளைப் பார்த்து, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள். கண் குளியலறைக் கதவின் மேல்.

"பாருங்க பிரதர்! இவ்வளவு வேதனையிலயும் நாவுல துதிதான்!"

"அவளுக்குப் பாத்ரூம் போகணும் போலிருக்கு."

"சும்மா இருங்க. ஆவியில நிறைஞ்சிருக்காங்க."

அக்கா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். நீளமான ஜெபம். நிறைந்திருந்தது உண்மைதான், ஆவியால் அல்ல.

மார்ச் 10

நேற்று விரிப்பை மாற்றும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். சத்தமில்லாமல். நேற்று எழுதிய என் வேடிக்கை மேலே அப்படியே இருக்கிறது. அடித்துவிடலாமா? வேண்டாம். நான் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

மார்ச் 26

படம் போட்ட அட்டைகள். கண்ணாடி, கதவு, கரண்டி. நாற்பது நிமிஷம். மூன்றுக்கும் ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சபையில் சாட்சி நேரம், கர்த்தர் செய்த நன்மையை எல்லாருக்கும் முன்னால் சொல்வது. "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க பிரதர், சோர்ந்து போனவங்களுக்குப் பலமா இருக்கும்" என்று பாஸ்டர் மூன்று வாரமாகக் கேட்டார். கூட்டிப்போனேன். அவளுக்கும் ஆசைதான், புடவையை அவளே காட்டினாள்.

சக்கர நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போனது அக்கா. மைக்கை நீட்டினார் பாஸ்டர். அவள் உரக்க, "ஸ்தோத்திரம்!" சபை எழுந்து நின்றது. "ஸ்தோத்திரம்!" அவள் இன்னும் உரக்க. இவர்களும். கீபோர்டு சேர்ந்துகொண்டது. அக்கா பரவசத்தில் நாற்காலியை இன்னும் முன்னே தள்ளினாள். அப்போதுதான் பார்த்தேன் — அசைவில்லாத வலது கை மடியிலிருந்து நழுவிச் சக்கரத்தில் மாட்டியிருந்தது. இடது கையால் அதை இழுக்கிறாள், முடியவில்லை, கத்துகிறாள். இருநூறு பேர் அவளுக்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்கள்.

"நிறுத்துங்கய்யா! கை மாட்டியிருக்கு! கத்துறாய்யா அவ!"

என் குரல்தான். சபையில் நான் சத்தமாகப் பேசியது இதுவே முதல் தடவை.

மூன்று தையல். சிலுவையில் கத்தினவரைக் கும்பிடுகிற கூட்டத்துக்கு ஒரு மனுஷி கத்துவது காதில் விழவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? இத்தனை நாளாக நானும் கரண்டி வருகிறதா, கதவு வருகிறதா என்றுதானே பார்த்துக்கொண்டிருந்தேன்? அவள் என்ன சொல்கிறாள் என்று என்றைக்குக் கேட்டேன்?

ஏப்ரல் 7

பாஸ்டர் தனியாக வந்தார், பைபிள்கூட இல்லாமல். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உங்களைப் பார்க்கவே இல்லம்மா. மன்னிச்சிடுங்க."

அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் ஒரு தடவை சொன்னாள்.

"என்ன சொல்றாங்க பிரதர்?"

"மன்னிச்சாச்சு, கிளம்புங்கன்னு நினைக்கிறேன்."

அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார். அவள் வாயின் இடது ஓரம் உயர்ந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை. மொழிபெயர்ப்பு சரி போலிருக்கிறது.

மே 2

சொல்லின் ஆரம்பத்தில் அழுத்தினால் தண்ணீர். கடைசியில் இழுத்தால் வலி. வெட்டிவிட்டாற்போல் வந்தால் நான் எதையோ தப்பாகச் செய்கிறேன் — இதுதான் ஒரு நாளைக்கு இருபது தடவை.

மே 20

ராத்திரி முழுக்க இழுத்து இழுத்துச் சொன்னாள். தோள் வலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. புரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்.

ஜூன் 13, வெள்ளி

பயிற்சிப் பெண் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டாள். "இனிமே புது வார்த்தை வர்றது கஷ்டம் சார். முயற்சியை விடாதீங்க, ஆனா..." வாசலில்தான் சொன்னாள். உள்ளே கேட்டிருக்கும். சாப்பிடவில்லை இருவரும்.

ஜூன் 15, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. காலையில் காபியைக் கொடுக்கப் போனேன். வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தாள், இடது கையால். கண்ணை மூடினாள்.

ஜெபம் பண்ணினாள். அந்த ஒரே சொல்லில், கால் மணி நேரம். குழைந்து வந்தது மகளுக்கு, தூரத்தில் இருக்கிறாள். சுருக்கமாக வந்தது அக்காவுக்கு, அதுவும் கொஞ்சம் பல்லைக் கடித்து. இடையில் ஒரு நீண்ட இழுப்பு, தனக்காக. கேட்கவே முடியவில்லை, ஆனால் அவள் நிறுத்தவில்லை, முழுவதையும் சொன்னாள். மறுபக்கம் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு வெட்டு வெட்டாக. புரிந்துவிட்டது.

"என்னைப் பத்தி இவ்வளவு புகாரா?"

ஒரு கண்ணைத் திறந்து அதட்டினாள். குறுக்கே பேசாதே என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும், தோள் குலுங்கக் குலுங்க.

அப்புறம் கண்ணை மூடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பட்டியல் நீளம். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.