நிம்மி, அவனைத் தீவில் விட்டுவிட்டு வந்தோம்

என் செல்ல நிம்மிக்கு,

நீ போனதிலிருந்து உன்னோடு பேசாமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. மெல்போர்னில் என் டார்னெய்ட் வீட்டில் பாத்திரம் துலக்கும்போது பேசுகிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் உதடு அசைவது தெரியாமல் பேசுகிறேன். இதை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் புருஷன் சுந்தரை இத்தனை வருடமாக 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். என்னைவிடச் சின்னவன்தான், இருந்தாலும் தங்கை வீட்டுக்காரர் என்ற மரியாதை. இந்தக் கடிதத்தில் அவன் வெறும் அவன்தான். நீ கோபித்துக்கொண்டாலும் மாற்ற மாட்டேன்.

உனக்கு அந்த மத்தியதரைக் கடல் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் என்றாலே நடுங்குகிறவள் நீ. சிட்னி மேன்லி ஃபெர்ரியில்கூட ஜன்னல் பக்கம் போக மாட்டாய். நடுவில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாய். ஆனால் டிவியில் குரோஷியா கரையோரத் தீவுகளைக் காட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாய். நமக்கென்று ஒரு சின்னப் படகு எடுக்க வேண்டும், காலையில் கிளம்பித் தீவு தீவாகப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். "தண்ணியில எல்லாம் இறங்க மாட்டேன்க்கா. சும்மா பார்த்துட்டு வந்தாப் போதும்" என்பாய்.

சிட்னியில் உன் கெல்லிவில் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒருநாள் அவனிடம் கேட்டாய். நானும் பக்கத்தில் இருந்தேன். "நீச்சல் தெரியாதவளுக்கு எதுக்கு படகு? பாத்டப்ல உட்காரு, நான் படம் போட்டுக் காட்டறேன்" என்றான். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே ரசம் எடுக்கப் போய்விட்டாய்.

உன் இறுதிச் சடங்கில் அவன் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அல்லவா, மைக் பிடித்தால் விடுவானா? "மத்தியதரைக் கடலைப் பார்க்கணும்னு என் நிம்மி ஆசைப்பட்டா. உயிரோட கூட்டிட்டுப் போக முடியல. அவளோட அஸ்தியையாவது அங்கே கரைப்பேன்" என்று தேம்பினான். மண்டபமே அழுதது. என் பின்னால் ஓர் அம்மா, "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். நானும்தான் அழுதேன். அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்க வழியிருந்தால் வாங்கியிருப்பேன்.

அப்படித்தான் இந்த ஜூன் மாதம் நாங்கள் நாலு பேர் குரோஷியா போனோம். அவன், உன் மகள் மீரா, அவனுடைய அக்கா வசந்தா, நான். மீரா பல்கலைக்கழகத்தில் படம் எடுக்கத்தானே படிக்கிறாள். எல்லாவற்றையும் அவள் படம் பிடிக்க வேண்டும், உன் முதல் வருட நினைவு நாளன்று கெல்லிவில் மண்டபத்தில் பெரிய திரையில் போட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. உன் கலசம் வழி முழுக்க என் மடியில்தான் இருந்தது.

ஸ்ப்ளிட் நகரத்துத் துறைமுகத்தில் படகு காத்திருந்தது. வெள்ளைப் படகு, பின்னால் நீல மெத்தை போட்ட இருக்கைகள். படகுத் தளம் கீறிவிடும் என்று ஏறும்போதே செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். கேப்டன் யோசிப் நரைத்த தாடிக்காரர். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெல்கம் பேக், மை ஃப்ரெண்ட்! உங்கள் மனைவி எங்கே? படகுக் கூரையிலிருந்து குதிப்பாரே, அவர் வரவில்லையா?"

அவன் அவசரமாகக் கையை உருவிக்கொண்டான். உடனே சிரித்தான். "யாரையோ நினைச்சுட்டுப் பேசறார். இவங்களுக்கு இந்தியர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதானே" என்று எங்களிடம் தமிழில் சொன்னான். வசந்தா சிரித்தாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. கேப்டன் மட்டும் சட்டென்று கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

படகு கிளம்பிய பிறகு உயிர்காப்பு உடை கொடுக்க என்னிடம் வந்தவர், மடியில் இருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டார். "என் தங்கை. அவருடைய மனைவி. போன செப்டம்பரில் இறந்துவிட்டாள். ரொம்ப நாளாகப் புற்றுநோய்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். எதுவும் பேசாமல் ஸ்டீயரிங் பக்கம் போய்விட்டார். அந்த மௌனம்தான் என்னை எழுப்பியது, நிம்மி. பின்னாலேயே போய் நின்றேன்.

"கேப்டன், அவர் எப்போது வந்தார்?"

"மேடம், நான் படகு ஓட்டுகிறவன். விருந்தாளிகளைப் பற்றிப் பேசுவதில்லை."

"இவள் என் தங்கை" என்று கலசத்தைக் காட்டினேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன வருடம் ஜூன். இன்று எந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறாரோ, அதே இடம்தான் அன்றைக்கும்."

போன ஜூன். உனக்குக் கீமோ நடந்துகொண்டிருந்த மாதம். நான் லீவு போட்டுவிட்டுச் சிட்னிக்கு வந்து உனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சிங்கப்பூரில் ஆபீஸ் மீட்டிங், தவிர்க்க முடியாது என்று போனான். திரும்பி வந்தபோது முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்புக் கண்ணாடித் தடம் வெளுத்திருந்தது. நீ தலையணையில் சாய்ந்தபடி, "பாருக்கா, சிங்கப்பூர் ஆபீஸுக்குக் கூரையே இல்ல போலிருக்கு" என்று சிரித்தாய்.

உனக்குத் தெரியுமாடி? தெரிந்துதான் சிரித்தாயா? யாரிடம் கேட்பேன் இதை?

விஸ் என்ற தீவின் ஒரு சின்னக் கரை வளைவில் படகு நின்றது. தண்ணீர் அடிவரைக்கும் தெரிந்தது. அவன் வெள்ளை ஜிப்பா போட்டு, தலையை வாரிக்கொண்டு, படகின் பின்பக்கம் வந்து நின்றான். மீரா போனை உயர்த்தினாள். "நிம்மி, நீ கனவு கண்ட இடத்துக்கு உன்னைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தான். வேறொருத்தியோடு குளித்த அதே தண்ணீரில் உன்னைக் கரைக்க நின்றான், நிம்மி. தேடிப்பிடித்து அதே தண்ணீர்.

என் பக்கம் கையை நீட்டினான். "அக்கா, கலசத்தைக் குடுங்க."

"இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, சுந்தர்?"

"இன்டர்நெட்லதான். இப்ப எதுக்கு அது?"

"போன ஜூன்ல சிங்கப்பூர் போனப்ப பார்த்து வச்சதோன்னு நினைச்சேன்."

அவன் கை அந்தரத்தில் நின்றது. நான் திரும்பி ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டேன். "கேப்டன், இந்த மனிதரை இதற்கு முன் இங்கே கொண்டுவந்திருக்கிறீர்களா?"

கேப்டன் அவனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். "ஆமாம் மேடம். ஒரு பெண்ணோடு. அவர்தான் மனைவி என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள்."

"மீரா, ஆஃப் பண்ணு!" என்று கத்தினான். உன் மகள் ஆஃப் பண்ணவில்லை. போன் இறங்கவில்லை. "ஹூ வாஸ் ஷி, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கொஞ்ச நேரம் மறுத்தான், கேப்டனைத் திட்டினான். அப்புறம் அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினான். "நானும் மனுஷன்தானே? ஒரு வருஷமா வீடு பூரா மருந்து வாசனை. எனக்கும் மூச்சு விடணும்ல?"

வசந்தா எழுந்தாள். உனக்குத் தெரியாததா, தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவள்தான் வென்ட்வேர்த்வில்லிலிருந்து வாராவாரம் உனக்கு சூப் கொண்டுவந்தவள், முடி கொட்டியபோது உன் தலைக்குத் துணி கட்டிவிட்டவள். "மூச்சா?" என்றாள். "அவ மூச்சுக்குத் தவிச்சப்ப நீ எங்கேடா இருந்தே?"

"நீங்களே எல்லாம் பண்ணிக்குங்க. உங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல" என்று ஏணி வழியாக முழங்கால் தண்ணீரில் இறங்கி, கூழாங்கல் கரையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்தான். கெஞ்சிக் கூப்பிடுவோம் என்று நினைத்திருப்பான். உன் வீட்டில் எப்போதும் அப்படித்தானே நடந்தது? கோபித்துக்கொண்டு அவன் மாடிக்குப் போவான், நீ தட்டோடு பின்னால் போவாய்.

கேப்டனிடம் கேட்டேன். குன்றைத் தாண்டினால் மறுபக்கம் ஊர், சாயங்காலம் ஸ்ப்ளிட்டுக்கு ஃபெர்ரி உண்டு, அரை மணி நேர நடை என்றார். "அப்படியானால் படகை எடுங்கள்" என்றேன். அவர் தயங்கி வசந்தாவைப் பார்த்தார். வசந்தா தன் தம்பியின் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோ. ப்ளீஸ் கோ" என்றாள்.

நங்கூரச் சங்கிலி சத்தம் கேட்டுத்தான் அவன் திரும்பினான். எழுந்து ஓடிவந்தான். இடுப்பளவு தண்ணீரில் ஜிப்பா உப்பி மிதக்க, "அக்கா! மீரா! என் ஷூ!" என்று அலறினான். ஷூ கூடையில்தான் இருந்தது. மீரா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஷூ கூடையிலேயே கிடந்தது. நீச்சல் தெரிந்தவன் கொஞ்ச தூரம் நீந்திக்கூடப் பார்த்தான்.

அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனித்தது, நிம்மி. கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு அவன் நடப்பதை நினைக்க நினைக்க, உன்னை எரித்த நாளிலிருந்து என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

"சாயங்காலம் வரை படகு உங்களுடையது. எங்கே போக?" என்றார் கேப்டன். எல்லாத் தீவுக்கும் என்றேன். முன்பக்க மெத்தையில் உன்னை வைத்தோம். உருளாமல் இருக்க அவர் தன் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். குகைக்குள் நீலமாக ஒளிரும் தண்ணீரைப் பார்த்தாய். ஒரே ஒரு தேவாலயக் கோபுரமும் பத்து வீடும் இருந்த தீவைப் பார்த்தாய். வசந்தா உன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். மீரா அழுது முடித்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள். ஒரு பிடி சாம்பலைக்கூட நாங்கள் தண்ணீரில் விடவில்லை. இறங்க மாட்டேன் என்றுதானே சொன்னாய். பார்த்தாய், அது போதும்.

அவன் கடைசி ஃபெர்ரியில், எங்கோ வாங்கிய ரப்பர் செருப்போடு, ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தான்.

சிட்னிக்குத் திரும்பியதும் கதை கட்டிவிட்டான். தங்கை போன துக்கத்தில் பவானிக்குப் புத்தி பிசகிவிட்டதாம், கேப்டன் குடித்திருந்தாராம். நம்புகிறவர்கள் நம்புகிறார்கள். சங்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்து, "விட்டுடும்மா. போனவங்க பேர்ல சண்டை எதுக்கு? மன்னிச்சுடு" என்றார். "மன்னிக்க வேண்டியவ போயிட்டா அங்கிள். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. இருந்தாலும் செய்ய மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

மீரா இப்போது வசந்தா வீட்டில்தான் இருக்கிறாள். நீயும் அங்கேதான், அவள் படுக்கைக்குப் பக்கத்தில். உன்னைத் திருப்பிக் கேட்டு ஒருமுறை வந்தான். வசந்தா கம்பிக் கதவைத் திறக்காமலே, "போடா" என்று அனுப்பிவிட்டாள். பிள்ளை சில நாள் சாப்பிடுவதில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை என்றாகிவிட்டதே அவளுக்கு. அந்தக் கணக்கையும் அவன் தலையில்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் உன் நினைவு நாள். மண்டபம் பிடித்து, ஊரை அழைத்து, 'நிம்மியின் கடைசிப் பயணம்' என்று படமும் காட்டப்போவதாக அவன் எப்போதோ அறிவித்துவிட்டான். இப்போது நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேப்டன் சொன்னதும் அவன் கத்தியதும் மீரா போனில் அப்படியே இருக்கிறது. அதைத்தான் திரையில் போட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"நோ, பெரியம்மா" என்றாள் மீரா. "அம்மாவோட ஃபில்ம்ல அவர் ஃபேஸ் எதுக்கு?"

அவன் இல்லாத படம்தான் செய்திருக்கிறாள். துறைமுகத்திலும் அவன் இல்லை, படகிலும் இல்லை. கடல், தீவுகள், கேப்டன், வசந்தா, நான், மெத்தை மேல் நீ. முந்தாநாள் எனக்குப் போட்டுக் காட்டினாள். என் கோபத்தைவிட இது கூர்மை, நிம்மி. உன் மகள் என்னை ஜெயித்துவிட்டாள். தினமும் அவன், "என்ன படம் போடப் போறே?" என்று கேட்டு அவளுக்கு மெசேஜ் அனுப்புகிறான். "யூ வில் சீ, அப்பா" என்று மட்டும் பதில் போடுகிறாள்.

விளக்கை அணைப்பார்கள். படம் ஓடி முடியும். விளக்கு எரிந்ததும் யாராவது ஒருவர் கேட்கத்தான் போகிறார்கள்: "சுந்தர், நீங்க எங்கே? உங்களைக் காணோமே?"

மெல்போர்னிலிருந்து விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். வசந்தா ஒரு பக்கம், மீரா ஒரு பக்கம், முன்வரிசையில், மேடையில் நிற்கும் அவனுக்கு நேர் எதிரே உட்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பவானி அக்கா