பதினோராவது கட்டம்

குந்தாரப்பள்ளி
11-6-1989

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, காவேரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் சின்னவளும் சுகம். பூனாச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒத்துக்கொள்ளாதுதான். யார் உங்களை அங்கே போகச் சொன்னது?

கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மாங்காய் சீசன் மும்முரம். நானும் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறேன். சின்னவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

போன வாரம் ரேஷன் கார்டைத் தேடி உங்கள் தகரப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஓசூர் கம்பெனியின் விண்ணப்பப் பாரம் ஒன்று இருந்தது. பத்துக் கட்டம் வரை உங்கள் எழுத்து, அதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் என்பதால், உங்களோடு ஒரே ஷிப்டில் இருந்த நசருல்லா அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அது வேலை நிரந்தரத்துக்கான பாரம் என்றார். பதினோராவது கட்டத்தில், எந்தக் கோர்ட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டிருக்கிறார்களாம். "இதுக்கா தங்கச்சி அவன் ஓடினான்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பூனாவில் சம்பளம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, நான் அதை நம்பவில்லை. என்னைப் பிடிக்காமல்தான் போய்விட்டீர்கள் என்று மூன்று மாதம் அழுதேன். இந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த எருது விடும் விழாவை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர் விழா, எங்கள் வீட்டு எருது. அனுமதி வாங்காமல் விட்டார்கள் என்று போலீஸ் வந்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். கொம்பில் கட்டியிருந்து பறித்த பரிசுத் தட்டியைக் கீழே போட மனமில்லாமல் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். எனக்குக் காட்டத்தானே?

"ஒப்புக்கிட்டு ஃபைனக் கட்டிருங்க மாப்ள, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்று சொன்னது என் அப்பா. சந்தையில் சுங்கம் கட்டுவது போலக் கட்டிவிட்டு, வரும் வழியில் போண்டாவும் வாங்கி வந்தீர்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதான் என்று அன்றைக்கு நம்மில் யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை லீவு போட்டு ஓசூர் போனேன். சானமாவு பக்கம் யானை இறங்கி, பஸ் ஒரு மணி நேரம் நின்றது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கன்னடத்தில் கேட்டார், நான் தெலுங்கில் சொன்னேன், கடைசியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் தமிழ் தெரிந்திருக்கிறது! நசருல்லா அண்ணன் என்னை ஆபீசர் முத்துமணி சாரிடம் கூட்டிப்போனார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. தீர்த்தகிரி மனைவி என்றதும், நீங்கள் எங்கே என்று போர்மேன் இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார்.

"உள்ளத எழுதினா யோசிக்கலாம்மா. மறைச்சு எழுதி, போலீஸ் விசாரணையில தெரிஞ்சா, பொய் சொன்னதுக்கே வேலை போயிரும்" என்றார். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் அப்படி எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் திருட்டு இல்லை, அடிதடி இல்லை, மாட்டுக் கேஸ்தானே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இதை எழுதுகிறேன். முதல் லிஸ்ட் முடிந்துவிட்டது. இரண்டாவது லிஸ்டுக்கு இருபத்தாறாம் தேதி கடைசி. நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கோர்ட் உத்தரவின் நகலைக் கிருஷ்ணகிரியில் வாங்கிவிட்டேன். அப்பாவும் கூட வந்தார். கோர்ட் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தான் புத்தி கெட்டுச் சொன்னேன்னு அந்த ஆபீசர்கிட்டயே வந்து சொல்றேம்மா" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. நீங்களும் வந்து அவரிடம் நன்றாகப் பேசுங்கள்.

மீதிக் கட்டங்களை நசருல்லா அண்ணனை வைத்து நிரப்பிவிட்டேன். பதினோராவதை மட்டும் விட்டிருக்கிறேன். அதில் 'ஆம்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இன்னொன்று. பாரத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று ஆபீசர் படித்துப் படித்துச் சொன்னார். இப்போது குடியிருக்கும் முகவரி என்ற இடத்தில், மனைவி மகளோடு, குந்தாரப்பள்ளி என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். இருபத்தாறாம் தேதிக்குள் அதை உண்மையாக்கிவிடுங்கள்.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

உங்கள்
காவேரி