மெதுவாக வந்த குற்றம்

கப்பலிலிருந்து, மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு நீளமாக எச்சரிக்கைக் கடிதம் எழுத உங்களுக்குத் தெம்பு இருந்திருக்காது. ஆபீஸ் மின்னஞ்சலை நாலு பேர் படிப்பார்கள், அதனால் கையால் எழுதுகிறேன்.

நம் கப்பலுக்குப் பயணத்தின் பதினாறாம் நாள்தான் இடம் என்று துறைமுகத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள். முழு வேகத்தில் போனால் பன்னிரண்டாம் நாளே போய் வெளியில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். கேப்டன் என்ற முறையில் வேகத்தைக் குறைத்தேன். பதினாறாம் நாள் காலை நேரே உள்ளே போனோம். சரக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதமில்லை. நூற்றைம்பது டன் எண்ணெய் எரியவில்லை, அதன் புகையும் இல்லை. இதற்கா ஒப்பந்த மீறல் என்று தாள்? நீங்களும் பத்து வருஷம் கப்பலில் இருந்தவர்தானே!

அன்புடன்,
மாப்பிள்ளை

ஆபீஸ், மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

'முழு வேகத்தில்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சீக்கிரம் போய்க் காத்திருந்தால் சரக்குக்காரர் நாலு நாளுக்குக் காத்திருப்புப் பணம் தருவார். உங்கள் புண்ணியத்தில் அது போச்சு. "உங்க மாப்பிள்ளைங்கிற திமிரா?" என்று முதலாளி எல்லார் எதிரிலும் கேட்டார். வேலையிலிருந்தே தூக்கச் சொல்கிறார்.

ஒரே வழிதான். இன்ஜின் பழுதால் வேகம் குறைந்தது என்று ஒரு தாள் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். என் தங்கை முகத்துக்காகத்தான் இவ்வளவும்.

மச்சான்

கப்பலிலிருந்து, மார்ச் 20

மச்சானுக்கு,

உங்கள் தாளோடு கம்பெனிப் பத்திரிகையும் அதே உறையில் வந்தது. அட்டையில் என் கப்பல்! 'ஒரே பயணத்தில் நானூற்றைம்பது டன் கரியமில வாயு குறைத்தோம்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் சிரித்தபடி நீங்கள். குழந்தையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன். பழுது என்றால் சீஃப் இன்ஜினியர் தலைதான் உருளும். அவர் இன்ஜின் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. நான் செய்தது சரி என்று முதலாளியிடம் ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

மாப்பிள்ளை

ஆபீஸ், மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உங்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை, காரியம் முடிந்துவிட்டது. முதலாளி சமாதானமாகிவிட்டார். உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. சீஃப் இன்ஜினியரை மட்டும் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுங்கள். தாளின் நகல் இணைத்திருக்கிறேன். கோபம் ஆறியதும் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.

மச்சான்

துறைமுகத்திலிருந்து, ஏப்ரல் 6

இயக்கப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வேகத்தைக் குறைத்தது என் உத்தரவு. இன்ஜினில் பழுது இல்லை. தாங்கள் அனுப்பிய நகலையும் கப்பலின் பதிவேட்டையும் துறைமுக ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். சீஃப் இன்ஜினியரோடு நானும் இன்று இறங்குகிறேன்.

நகலைக் கைபேசியில் தங்கள் தங்கைக்கும் காட்டினேன். அவள் பார்த்ததுமே சொன்னாள்: "இது உங்க கையெழுத்து இல்லீங்க, அண்ணன் போட்டது. ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தையும் இப்படித்தான் போடுவான். அன்னிக்கு நான் யார்கிட்டயும் சொல்லல. இந்தத் தடவை ஆய்வாளர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

இப்படிக்கு,
கேப்டன்
(இது நானே போட்ட கையெழுத்து)