பாப்பாத்தியின் வேப்பங்கொத்து

1934 ஜூன், சனிக்கிழமை இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. மியூசியத்தில் நடக்கும் சித்திரக் கண்காட்சியில் என் படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றும் பாப்பாத்தியை வரைந்த படம். மஞ்சள் சேலை கட்டி, மாட்டுக்கு ஈ ஓட்டும் வேப்பங்கொத்தோடு நிற்கிறாள். அவ்வளவுதான்.

காலையில் போய்ப் பார்த்தால் படத்தின் கண்ணாடியில் குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சில பெண்கள் கைகூப்பி நின்றார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் மாரியம்மன் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மியூசியத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"படத்துக்குக் கீழ வைக்கிற பேர் அட்டையில அம்மன் எண்டே எழுதுவம், பிள்ளை. சனம் இன்னும் வரும்."

மாட்டேன் என்றேன்.

"பால்காரியின்ர படத்தைப் பார்க்க ஆர் வருவினம்? நாளைக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி கழட்டிப் பின்னறையில வைச்சிடுவம்."

மாலையில் பால் கொண்டுவந்த பாப்பாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எம்பேரையே போடுங்கக்கா. சாமின்னா எம்மாமியா கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிரும். எம்பேருன்னாத்தான் நின்னு பாக்கும்."

அட்டையை எழுதிவிட்டேன். 'பாப்பாத்தி, பால்காரி.' மை காய்ந்துகொண்டிருக்கிறது. குங்குமத்தைத் துடைக்க ஒரு துணியும் பையில் எடுத்து வைத்தாயிற்று. நாளை பாப்பாத்தி மாமியாரைக் கூட்டிக்கொண்டு என்னோடு வருகிறாள். அந்தக் கிழவி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது கிராணி படத்தில் கை வைக்கட்டும், பார்க்கலாம்.