புழுவுக்கு நரை தட்டிய வயல்

என்னங்க,

நலமா? உங்கள் இருமல் நின்றதா? குட்டி அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. ஆய்வுக்கூடத்தில் நான் வளர்க்கும், புழுக்களைக் கொல்லும் பூஞ்சையை முதல்முறையாக ஒரு விவசாயியின் முட்டைக்கோஸ் வயலில் தெளித்தோம். மறுநாளே அவர் விஷமருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்.

“புழு ஜம்முன்னு மேயுது. நீங்க அடிச்சது மருந்தா, தண்ணியா?”

“விஷம்னா உடனே சாகும் ஐயா. இது நோய். புழு மேல ஒட்டி, உள்ள போய் வளரணும். கொஞ்சம் பொறுங்க.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்.”

வயல் தோற்றால் என் வேலையும் போய்விடும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், தோற்றால் வீட்டுக்கு வந்துவிடலாமே என்று மனம் ஒரு பக்கம் ஆசைப்பட்டது.

ஞாயிறு காலை போனேன். இலைக்கு இலை புழுக்கள் விறைத்து, மாவில் புரட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை போர்த்திக் கிடந்தன.

“புழுவுக்கெல்லாம் நரை தட்டிடுச்சும்மா!” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள். அறைக்கு வந்துதான் அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: குட்டியின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கப் போய், எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று தெரியாமல் கடையிலேயே நின்றுவிட்டேன்.

அவசரத்தில்,
குட்டியின் அம்மா