ஆமென் போட்ட எழுத்து அட்டை

ஐப்பசி 14, செவ்வாய்.

நேற்று வகுப்பில் மாட்டிய ஆங்கில எழுத்து அட்டைதான் மனசை உறுத்துகிறது. பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத்தான் அதை எழுதினேன். முதல் எழுத்து வாயில் ஒலிக்காத சொற்களாகத் தேடித் தேடிப் போட்டேன். கே என்றால் நைஃப், டபிள்யூ என்றால் ரிஸ்ட், பி என்றால் நிமோனியா. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. கோயிலில் செபம் சொல்லிப் பழகியதுகள். கைகூப்பி, ஒரே ராகத்தில் இருபத்தாறையும் ஒப்பித்துவிட்டு, முடிவில் ஆமென் போட்டன. கமுதியிலிருந்து இந்தக் கடற்கரைக்கு வேலைக்கு வந்த, செபமே தெரியாத எனக்குத்தான் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆளில்லாமல் அடக்கிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் ஒரு பிள்ளையின் அம்மா, ரோசம்மா, இரண்டு பாறை மீனோடு வந்தாள்.

“நேத்து கடலு மோசமாக் கெடந்துச்சு டீச்சரம்மா. பிள்ளைக அப்பா வரல. பிள்ளைக மண்டி போட்டு, நீங்க சொல்லிக் குடுத்த புதுச் செபத்தையே விடாமச் சொல்லுச்சுக. விடியறதுக்குள்ள கரைக்கு வந்துட்டாக. இன்னைக்கும் போயிருக்காக. ராத்திரியும் சொல்லச் சொல்லியிருக்கேன்.”

மீனை வாங்கிக்கொண்டேன்.

மரகதம் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பயிற்சிப் பள்ளி விடுதியில் நாங்கள் இரண்டு பேரும் சிரிக்காத ராத்திரி இல்லை. கல்யாணமாகிப் போனபின் என் மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதையும் எழுதி என்ன.

காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போதுதான் அட்டையை மனப்பாடமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நிமோனியாவில்கூடச் சிரிப்பு வரவில்லை. கடைசி எழுத்து முடிந்ததும், கமுதிக்காரி நானும் ஆமென் என்றேன்.